மோர்ப்பந்தலுக்குப் போன ஐஸ்

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிற சாலையில் வண்டியை விடக் கூடாது என்பது புதுச்சேரியில் தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டாக்டர் ஜானகிராமனுக்குத் தெரியவில்லை. அவர் மதராஸிலிருந்து வந்தவர்.

“திருவிழா நமக்குத்தாம்மா. இன்னைக்கு மகம்னு எலிக்குத் தெரியுமா?” என்று அஞ்சலாட்சியைக் கேட்டார்.

“எலிக்குத் தெரியாது சார். ரோட்டுக்குத் தெரியும்,” என்றாள் அஞ்சலாட்சி.

அந்தப் பெண்ணின் வாய் அப்படிப்பட்டது. முத்தியால்பேட்டையில் பிறந்தவள். மில்லில் சாயப் பிரிவில் வேலை பார்த்த தாய்மாமன் கோவிந்தசாமியின் வீட்டில் வளர்ந்தவள். எம்.எஸ்ஸி. முடித்து, டாக்டர் பட்டத்துக்காக ஜானகிராமனின் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், “எங்க எலிங்களுக்கு மொதல்ல ஒரு நல்லது நடக்கட்டும்” என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பிவிடுவாள். எண்பத்திரண்டாம் வருஷம் அது.

அங்கே நடந்த வேலை என்னவென்று கொஞ்சம் பொறுமையாகச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. முகம் சுளிக்காமல் கேளுங்கள்.

நிலையத்துக்கு இரண்டு இடங்கள். கதிர்காமத்துக்கு அப்பால் வயல் ஓரமாக ஓர் ஓட்டுக் கொட்டகை. அங்கே இருந்த எலிகளுக்கு வாரத்துக்கு ஒரு தரம் ஒரு ரசாயனத்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுவார்கள். அதன் பெயர் முழ நீளம். சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். எலி தின்னும், ஓடும், ஒன்றையொன்று கடிக்கும், ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். மாதங்கள் போகும். ஒரு நாள் காலையில் கூண்டுக்கு அடியில் உள்ள தட்டில் புழுக்கையோடு ஒரு சொட்டு ரத்தம் கிடக்கும். பெருங்குடலில் கட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். மனிதருக்கு அந்த இடத்தில் வருகிற புற்றும் பார்வைக்கும் போக்குக்கும் அதற்குப் பங்காளிதான். அதனால்தான் எலியை வைத்துப் பார்த்தார்கள். அந்த ரசாயனம் மனிதர் மேல் பட்டாலும் ஆகாது, மூச்சில் போனாலும் ஆகாது. ஆகவே கொட்டகை ஊருக்கு வெளியே.

இன்னோர் இடம், வைத்திக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் பங்களா. அங்கே இருந்தவை ரசாயனம் படாத, சுத்தமான எலிகள். கொட்டகை எலியிடமிருந்து கட்டியை எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, உப்பு நீரில் கலக்கி, கண்ணாடிக் குழாயில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவருவார்கள். இந்த எலிகளின் விலாவில் தோலுக்கடியில் அதைச் செலுத்துவார்கள். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுகிற மாதிரிதான். உயிரோடு போன செல் அங்கே வேர்பிடித்து வளரும். கொடுக்கிற எலியும் வாங்குகிற எலியும் ஒரே வம்சமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பு ஒப்புக்கொள்ளாமல் தள்ளிவிடும்.

“பங்காளி வூட்லதானே பகை சீக்கிரம் வேர் புடிக்கும்,” என்பாள் அஞ்சலாட்சி.

“பிள்ளையார் வாகனத்தப் போயி குத்திக்கினு இருக்கியேடி,” என்று மாமாவின் மனைவி ராஜாம்பாள் தலையில் அடித்துக்கொள்வாள்.

“பிள்ளையாரு வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் அத்த. நீங்க சோத்தப் போடுங்க.”

அந்த வருஷம் அவர்கள் சோதித்தது ஒரு சூரணம். தெய்வசிகாமணி என்ற மருந்துக்கடைக்காரர் கொண்டுவந்தது. எந்தக் கட்டியையும் கரைக்கும் என்று சொன்னார். சரி, பார்த்துவிடுவோம் என்று எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீர். இன்னொரு கூட்டத்துக்குச் சூரணம் கரைத்த தண்ணீர். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே குழாயிலிருந்து கட்டியை நட வேண்டும், அதுதான் முறை. ஆனால் சூரணம் வந்து சேரத் தாமதமாயிற்று. டெல்லியில் ஒரு மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அவசரப்பட்டுத் தண்ணீர்க் கூட்டத்துக்கு முந்தின வாரமே நட்டுவிட்டார். சூரணக் கூட்டத்துக்கு நட வேண்டிய நாள் மாசி மகமாக வந்து வாய்த்தது.

கொட்டகையிலிருந்து அஞ்சலாட்சி ஐஸ் பெட்டியோடு ஏறி வந்த வேன் முத்தியால்பேட்டையைத் தாண்டவில்லை. முன்னால் ஒரு சாமி, பின்னால் ஒரு சாமி, பக்கத்துச் சந்திலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு இன்னொரு சாமி. எந்த ஊர்ப் பெருமாளோ, எந்த ஊர் முருகனோ, எல்லாரும் கடலாடப் போகிறார்கள். மேளம் காதைப் பிளந்தது. வெயில் வேனின் தகரத்தைத் தோசைக்கல்லாக்கியது. அஞ்சலாட்சி இறங்கி, கூட்டத்தில் முட்டி மோதிப் போலீஸ்காரரைத் தேடிப்பிடித்தாள். அவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, “அதுக்கு இன்னாம்மா பண்ணச் சொல்ற? சாமிய ஓரமா நிக்கச் சொல்லவா?” என்றார்.

திரும்பி வந்தாள். வேனின் பின்கதவு ஆவென்று திறந்திருந்தது. டிரைவர் கலியபெருமாளைக் காணோம்.

சாலையோரத்தில் ஒரு மோர்ப்பந்தல். மில் தொழிலாளிகள் வருஷா வருஷம் போடுவது. பெரிய அண்டா நிறைய நீர்மோர்; மேலே கறிவேப்பிலையும் ஐஸ் துண்டுகளும் மிதந்தன. அண்டாவுக்குப் பின்னால் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றியவர் அவளுடைய மாமா கோவிந்தசாமி. பக்கத்தில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தான் கலியபெருமாள்.

“வாடி அஞ்சல! நல்ல சமயத்துல வந்து நின்ன! ஐஸ்காரன் கை விரிச்சிட்டான். சனம் நாக்கு வறண்டு கெடக்குது. உன் வண்டியில இருக்குன்னு இந்தப் புள்ள எடுத்தாந்து கொட்டிட்டான். புண்ணியம்டி உனக்கு!”

பந்தலுக்கு வேண்டும் என்று கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தத் தெருக்களில் கிடையாது. உப்புக் கேட்டால் ஜாடியோடு தூக்கிக் கொடுப்பார்கள். கலியபெருமாளும் அந்த ஊர்ப் பிள்ளைதான். பெட்டியில் இருந்த ஐஸை ஒரு துண்டு விடாமல் வழித்துக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் குழாய் இருந்த தகர டப்பாவை மட்டும் வெகு பத்திரமாக, சுள்ளென்று வெயில் அடிக்கிற முன்சீட்டில் வைத்திருந்தான்.

“கொழா ஒடையல மேடம்,” என்றான்.

அவள் பந்தலைப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், சாமி தூக்கித் தோள் கன்றிப்போன ஆட்கள், எல்லாரும் மடக்மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் ஒரு சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். குழாய் டப்பாவுக்குள் அடைத்து, டப்பா ரப்பர் உறைக்குள் இருந்தது. ஐஸில் ஒன்றும் பட்டிருக்காது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் புற்றுக்கட்டிக்கு வைத்த ஐஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கே என்ன ஆகும்? புற்று தொட்டாலே ஒட்டும் என்று பாயைத் தனியாகப் போட்டு வைக்கிற காலம் அது. அவள் வாயை மூடிக்கொண்டாள். எதற்கும் மூடாத வாய் அது. அன்று மூடியது.

பங்களா போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, நீலச் சாயம் ஒரு சொட்டுக் கலந்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்தது குடித்துவிட்டு நீலமாகக் கிடக்கும். அவள் பார்த்தபோது எங்கும் நீலம்.

“எல்லாம் செத்துப்போச்சு சார். ஐஸ் மோர்ப்பந்தலுக்குப் போயிடுச்சு. இத நடக் கூடாது.”

ஜானகிராமன் குனிந்து பார்த்தார். அவருக்கும் நீலம்தான் தெரிந்தது. “ஓரத்துல நாலஞ்சு உயிரோட இருக்கு பார். அது போதும். போட்டுடு,” என்றார்.

ஊசி ஏறியது. சூரணம் கொடுக்கத் தொடங்கினார்கள். சித்திரை பிறப்பதற்குள் தண்ணீர் குடித்த எலிகளுக்கு விலாவில் எலுமிச்சங்காய் எலுமிச்சங்காயாகக் கட்டி. சூரணம் குடித்த எலிகள் கட்டியே இல்லாமல் துள்ளி விளையாடின.

தெய்வசிகாமணி இனிப்புப் பெட்டியோடு வந்தார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “கரைச்சிடுச்சே சார்! கரைச்சே போட்டுடுச்சே!”

“கரைஞ்சது கட்டி இல்லீங்க. ஐஸு,” என்றாள் அஞ்சலாட்சி.

தெய்வசிகாமணி அதை ஒரு வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் போனதும் ஜானகிராமன் கதவைச் சாத்தினார்.

“மாநாட்டுக்கு அனுப்பற கட்டுரையில உன் பேரும் இருக்கு. பட்டம் வேணுமா வேணாமா?”

“வேணும் சார். ஆனா செத்த செல்லு மேல ஏறி நின்னு வாங்க வேணாம். ஒரே கொழாயில எடுத்து ரெண்டு கூட்டத்துக்கும் மறுபடி நடுவோம்.”

“மாநாடு முடியட்டும்.”

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, கண்ணுகளா. வீடு வாசலை விட்டு இவ்வளவு தூரம் வந்து, இந்தப் பங்களாவுக்கு விளக்கு எரிவதற்காக எத்தனையோ வாசல் ஏறி இறங்கியவர். கிடைத்த ஒரு வெளிச்சத்தை ஊதி அணைக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் ஓர் ஆளின் உயிரில் போய் நின்றது.

வைகாசியில் ஒரு நாள் கோவிந்தசாமி கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பெருங்குடலின் கீழ்ப் பக்கத்தில் கட்டி. இன்னும் பரவவில்லை, அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் ஈரலுக்கு ஏறிவிடும் என்றார்கள். அறுத்த பிறகு கழிவு வெளியேற வயிற்றோடு ஒரு பை கட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்றும் சொன்னார்கள்.

தினம் காலையில் எலித் தட்டைக் குனிந்து பார்த்து ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்டுபிடிக்கிற அஞ்சலாட்சிக்கு, ஒரே வீட்டில் இருந்த மாமா இளைத்துப் போனது கண்ணில் படவில்லை. அதை நினைத்து அவள் அழவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேட்டி துண்டுகளை மடித்து வைக்கத் தொடங்கினாள்.

வீட்டுக்குத் திரும்பியிருந்த மாமா கட்டிலில் சாய்ந்தபடி ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். தெய்வசிகாமணி ஊரெல்லாம் கொடுத்த விளம்பரம். ‘கட்டியைக் கரைத்த சூரணம்! ஆராய்ச்சியில் கண்ட உண்மை!’ கீழே ஜானகிராமன் படம். அதற்கும் கீழே சிரித்த முகமாக அஞ்சலாட்சி.

“ஊட்டுலயே மருந்த வச்சிக்கினு கத்திக்கு எதுக்குடி போவணும்?”

“அது வேலைக்கு ஆவாது மாமா.”

“போட்டோவுல இளிக்கிறியே?”

“அது எம்.எஸ்ஸி. பாஸ் பண்ணப்ப எடுத்தது! யாரக் கேட்டுப் போட்டானுங்கன்னு எனக்கே தெரியாது.”

“அப்ப எலிக்கு ஏன் கட்டி வரல? அதச் சொல்லு.”

அதைச் சொல்ல வேண்டுமானால் ஐஸைச் சொல்ல வேண்டும். அந்த ஐஸ் போட்ட மோரைக் குடித்த மனிதர் குடலில் கட்டியோடு படுத்திருக்கிறார். சொன்ன மறுநிமிஷம் என்ன நினைப்பார்? தன் வீட்டுப் பெண்ணே தனக்கு நோயைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்றல்லவா நினைப்பார்! அவள் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“பாத்தியா, பதில் இல்ல,” என்றார் மாமா, ஜெயித்தவர் போல.

“பிரெஞ்சுக்காரன் காலத்து ஸ்ட்ரைக்குல, மில்லு கேட்டுல பட்டாளத்துச் சொல்தாக்காரன் துப்பாக்கிய நீட்டினப்ப நெஞ்சக் காட்டிக்கினு நின்னேன்னு சொல்லிச் சொல்லித்தானே என்ன வளத்தீங்க? இப்ப ஒரு சின்னக் கத்திக்கு ஓடுறீங்களே!”

கோவிந்தசாமி காகிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் செருகினார்.

“துப்பாக்கிக்கு முன்னாடி நின்னேன்டி. கத்திக்கு முன்னாடி படுக்கணுமே,” என்றார்.

மறுநாள் அஞ்சலாட்சி டாக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். “சார், மறுபடியும் நடப் போறேன். ஒரே நாள், ஒரே கொழா, ரெண்டு கூட்டம்.”

“யார் சொல்லி?”

“நான் சொல்லி. ஒளிச்சு மறைச்சுச் செய்யல. உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யறேன். தடுக்கணும்னா இப்பவே தடுத்துடுங்க.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். தடுக்கவில்லை. சரியென்றும் சொல்லவில்லை.

கலியபெருமாள் வெயில் ஏறுமுன் வண்டியை எடுத்தான். ஐஸ் பெட்டியைச் சுற்றி உமி மூட்டை. “இன்னைக்கு எங்கப்பனே வந்து தண்ணி கேட்டாலும் கதவத் தொறக்க மாட்டேன் மேடம்,” என்றான். அன்று மைக்ராஸ்கோப்பில் நீலம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். மற்றதெல்லாம் பளிச்சென்று, முத்து முத்தாக உயிரோடு இருந்தது. நட்டாள். ஒரு கூட்டத்துக்குத் தண்ணீர், ஒரு கூட்டத்துக்குச் சூரணம். வீட்டிலே மாமா கத்தியைத் தள்ளித் தள்ளிப் போட, இங்கே அவள் எலியின் விலாவைத் தடவித் தடவிப் பார்த்தாள். கட்டி வரக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொள்ளும். கட்டி வரட்டும், சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிய பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வந்தது. முதலில் புளியங்கொட்டை, பிறகு இலந்தைப் பழம். தண்ணீர் குடித்ததற்கும் வந்தது. சூரணம் குடித்ததற்கும் வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஜானகிராமன் இரண்டு கூண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இது இப்போதைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம்,” என்றார்.

“எங்க மாமாவுக்குத் தெரியணும் சார்.” அவள் சூரணக் கூண்டைத் தூக்கினாள்.

“கூண்டு வெளிய போச்சுன்னா நீயும் வெளியதான்!”

“கூண்டு திரும்பி வரும் சார். நானும் வருவேன்.”

பட்டப்பகலில், முத்தியால்பேட்டைக் கடைத்தெரு வழியாக, இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கிற மாதிரி கூண்டை வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னா அஞ்சல, முயலு வளக்கறியா?” என்றாள் பூக்காரி.

“எலி அக்கா.”

“ஏன், உங்க ஊட்டு மச்சுல இல்லாத எலியா?”

“இது படிச்ச எலி. எங்க மாமாவுக்குப் பாடம் சொல்லப் போவுது.”

பூக்காரிக்கு வியாபாரம் மறந்து போயிற்று. பின்னாலேயே வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர்.

வீட்டு வாசலில் கார் நின்றது. உள்ளே நாற்காலியில் கோவிந்தசாமி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் ரோஜா மாலை. தெய்வசிகாமணி தம்ளரில் சூரணம் கரைத்துக்கொண்டிருந்தார். போட்டோ பிடிக்கிறவர் குடையை விரித்து வெளிச்சத்தைச் சரிபார்த்தார். சூரணம் குடிக்கிற முதல் மனிதர் அல்லவா! ராஜாம்பாள் சமையற்கட்டு வாசலில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அஞ்சலாட்சி நேரே போய்க் கூண்டை மாமாவின் மடியில் வைத்தாள். ஓர் எலியை வெளியே எடுத்து, விலாப்பக்கம் தெரியப் பிடித்தாள்.

“தொட்டுப் பாருங்க மாமா.”

கோவிந்தசாமி ஒரு விரலை நீட்டித் தொட்டார். சாயம் தோய்ந்து தோய்ந்து நகக்கண் கறுத்துப்போன விரல். “கெட்டியா இருக்குது,” என்றார்.

“இது தினம் சூரணம் குடிச்ச எலி. அந்த தம்ளர்ல இருக்கற அதே சூரணம்.”

“ஐயா, பொண்ணுக்கு டாக்டரு மேல ஏதோ கோவம். நீங்க குடிங்க,” என்றார் தெய்வசிகாமணி.

கோவிந்தசாமி தம்ளரை வாங்கவில்லை. “அஞ்சல, அன்னைக்குக் கேட்டேன், நீ பதில் சொல்லல. அப்ப வராத கட்டி இப்ப எப்படி வந்துது?”

அஞ்சலாட்சி சுற்றிலும் பார்த்தாள். வாசல் நிறைய ஆட்கள். பாதிப் பேர் அன்று அந்த மோரைக் குடித்தவர்கள். எலியைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அப்ப நட்டது செத்த செல்லு மாமா. மாசி மகத்தன்னைக்கு வெயில்ல செத்துப்போச்சு. அத ஐஸ்லதான் வச்சிருந்தேன். அந்த ஐஸத்தான் நீங்க மோருல போட்டீங்க.”

பூக்காரி தன் தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

“ஐஸ்ல ஒண்ணும் படல,” என்றாள் அஞ்சலாட்சி. “கொழாயி, டப்பா, ரப்பரு, மூணையும் தாண்டித்தான் ஐஸு. பட்டிருந்தாலும் எலிப் புத்து மனுசனுக்கு ஒட்டாது. வேற வம்சத்து எலிக்கே ஒட்டாது. என் தலையில அடிச்சு—”

தெய்வசிகாமணி துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா! எல்லாரும் கேட்டீங்களா! ஐயா, உங்களுக்கு வியாதி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா? உங்க ஊட்டுப் பொண்ணு கையால வந்தது! அந்த ஐஸால வந்தது!”

அவள் எதற்குப் பயந்தாளோ அது வாசலில் வந்து நின்றுவிட்டது. ஆனால் அவள் நகரவில்லை. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நினைக்கட்டும், என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், அந்தத் தம்ளரை மட்டும் வாங்காமல் இருக்கட்டும்.

கோவிந்தசாமி கழுத்து மாலையைக் கழற்றினார். “யோவ், உக்காருய்யா,” என்றார். “எனக்கு ஐப்பசியிலயே ரத்தம் போச்சு.”

“என்னது?” என்றாள் ராஜாம்பாள்.

“தீபாவளி அன்னைக்கு மொதல்ல பாத்தேன். மூலம்னு நெனச்சிக்கினேன். அப்புறம் மூலம் இல்லன்னும் தெரிஞ்சுது. யாருகிட்டயும் சொல்லல. பந்தல் போட்டப்ப எனக்கு நாலு மாசமா ரத்தம் போயிக்கினு இருந்துது.” அவர் அஞ்சலாட்சியைப் பார்த்தார். “உன் ஐஸு பின்னாடி வந்துதுடி. நோவு முன்னாடியே வந்துடுச்சு.”

“தீபாவளியிலருந்தா!” ராஜாம்பாள் கையில் அகப்பட்ட முறத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். “இத்தினி மாசமா என்கிட்ட மறைச்சியாய்யா நீ! துணி தோய்க்கறேன் தோய்க்கறேன்னு நீயே தோய்ச்சியே, அதுக்குத்தானா? நான் இன்னாவோ மனுசனுக்கு என் மேல அன்பு பொங்குதுன்னு இருந்தேனே!”

முறம் அவர் தோளில் இரண்டு தரம் விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. போட்டோ பிடிக்கிறவர் மட்டும் குடையை மடக்கினார்.

தெய்வசிகாமணி விடுகிற ஆள் இல்லை. “அப்படியே இருக்கட்டும் ஐயா. மருந்துன்னு குடிச்சுப் பாக்கறதுல இன்னா நஷ்டம்?”

“நஷ்டம் இல்லியா? அப்ப நீ குடி முசியே.” பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதைச் சொல்லோடு கோவிந்தசாமி தம்ளரை அவர் பக்கம் தள்ளினார். “மொதலாளி வாயில வைக்காத கஞ்சிய நாங்க மில்லுலயே குடிச்சதில்ல.”

தெய்வசிகாமணி தம்ளரைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், செருப்பைத் தேடினார். வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வழிவிடும்போது சிரிக்கவும் செய்தார்கள்.

எல்லாரும் கலைந்த பிறகு கோவிந்தசாமி கூண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பயமா இருக்குடி,” என்றார். அந்தக் குரலை அஞ்சலாட்சி அதுவரை கேட்டதில்லை.

“இருக்கட்டும் மாமா. பயத்தோடயே வாங்க.”

போனார். அறுத்தார்கள். ஈரலுக்கு ஏறவில்லை. வயிற்றில் பை வந்தது. முதல் சில நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பிறகு ஒரு நாள், பையைத் தட்டிக்காட்டி, “இதுக்குப் பேரு மொதலாளி. அவன் திங்கறதில்ல, உழைக்கறதில்ல. எங்க போனாலும் நாந்தான் சுமக்கணும்,” என்றார். ராஜாம்பாள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்தாள்.

அஞ்சலாட்சி சொன்னபடி கூண்டோடு திரும்பிப் போயிருந்தாள். ஜானகிராமன், “நீ வெளியதான்னு அன்னைக்கே சொன்னேனே,” என்றார்.

“எதுக்கு அனுப்பறீங்கன்னு எழுதிக் குடுங்க சார். போறேன்.”

அதை எப்படி எழுதுவார்? உண்மையைச் சொன்னதற்கு என்று எழுத முடியுமா? அவள் தன் மேசையில் போய் உட்கார்ந்தாள். வேலை கொடுக்கவில்லை, கூண்டு கழுவினாள். சாவி கொடுக்கவில்லை, கதவு திறக்கும் வரை படியில் உட்கார்ந்திருந்தாள். மில்லுக்குள்ளே உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்கள் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு உட்காரச் சொல்லித்தர வேண்டுமா என்ன! மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையை ஜானகிராமனே திருப்பி வாங்கிக்கொண்டார். மனம் மாறியதா, முத்தியால்பேட்டை முழுக்க எலிக் கதை பேசப்பட்டதாலா, அது அவருக்குத்தான் வெளிச்சம். ஒரு நாள் காலையில் சாவிக்கொத்தை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாசி மகம் வந்தது. கொட்டகையில் நல்ல கட்டியோடு இருந்த ஒரே எலி அன்றைக்குப் பார்த்துத் துவண்டு கிடந்தது. மறுநாள் வரை தாங்காது. “இன்னைக்கு வேண்டாம்மா, மகமாச்சே,” என்றார் ஜானகிராமன். அவருக்கும் தெரிந்துவிட்டது. “பரவால்ல சார், பாத்துக்கலாம்,” என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள் அஞ்சலாட்சி.

அதே இடம். அதே மோர்ப்பந்தல். முன்னால் ஒரு சாமி, பக்கத்துச் சந்திலிருந்து இன்னொரு சாமி. கலியபெருமாள் ஹாரனை அடித்து அடித்துக் கை ஓய்ந்தான்.

பந்தலிலிருந்து கோவிந்தசாமி எட்டிப் பார்த்தார். வேனைப் பார்த்தார். சொம்பை அண்டாவில் போட்டுவிட்டு, சட்டைக்கடியில் மொதலாளியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, சாலையின் நடுவே வந்து நின்றார். சந்திலிருந்து வந்த பல்லக்குக்கு நேர் எதிரே, நெஞ்சை நிமிர்த்தி, இன்னொரு கையை நீட்டினார்.

“சாமி கொஞ்சம் நிக்கட்டும்! வண்டிக்கு வழி விடுங்கப்பா!”

மேளம் தடுமாறி நின்றது. பல்லக்குத் தூக்கியவன் கத்தினான். “சாமிய நிக்கச் சொல்ல நீ யாருய்யா? வண்டியில அப்படி இன்னா இருக்குது?”

“ஐஸு இருக்குது. அது உருகிடும். சாமி உருகாது!”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பல்லக்கின் அடிவரை பரவியது. தூக்கியவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள், அப்புறம் இன்னோர் அடி. அந்தச் சின்ன இடைவெளியில் கலியபெருமாள் வேனை நுழைத்தான்.

பந்தலைக் கடக்கும்போது அண்டா தெரிந்தது. பானைத் தண்ணீர் ஊற்றிய மோர். மேலே கறிவேப்பிலை மட்டும் மிதந்தது. “வெயில்ல நிக்காதய்யா, உள்ள வாய்யா!” என்று ராஜாம்பாள் கரண்டியோடு கத்திக்கொண்டிருந்தாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வேன் கண்ணுக்கு மறையும்வரை, நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை.